கை ஓடுதா?

எங்கள் வேனில் யாரும் யாரையும் "சாப்பிட்டீகளா" என்று கேட்பதில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், பொழுது விடிகிற நேரத்தில் வெம்பக்கோட்டைப் பக்கம் என்னை ஏற்றிக்கொண்டு, தாயில்பட்டி, சிவகாசி, திருத்தங்கல் வழியாக விருதுநகருக்குப் போகிற வேன் அது. உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் சிறுநீரகம் வேலையை நிறுத்திவிட்டது. டயாலிசிஸ் மெஷினில் நாலு மணி நேரம் படுத்து எழுந்தால்தான் அடுத்த இரண்டு நாள். என்ன சாப்பிட்டோம், எவ்வளவு தண்ணீர் குடித்தோம் என்பதெல்லாம் அங்கே போய் எடை மெஷினில் ஏறியதும் தெரிந்துவிடும். அதனால் வேனில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "கை ஓடுதா?"

அப்படிக் கேட்க எங்களைப் பழக்கியவர் ஒரு அக்கா. தாயில்பட்டிப் பக்கத்து ஊர். பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னியவர். இப்போது இல்லை, போய் மூன்று வருடம் ஆகிறது.

கை ஓடுவது என்றால் என்னவென்று, இந்த நோய் வராத புண்ணியவான்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மெஷினுக்கு நம் ரத்தம் வேகமாக வர வேண்டும். சாதாரண நரம்பில் அந்த வேகம் கிடையாது. அதனால் கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து, இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவருகிற குழாயை, திருப்பிக் கொண்டுபோகிற நரம்போடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். இரண்டு மாதத்தில் அந்த நரம்பு விரல் தடிமனுக்குப் பருத்து, ஊசி தாங்குகிற மாதிரி ஆகிவிடும். பிஸ்டுலா என்று பெயர். அதன் மேல் விரலை வைத்தால் சுருசுருவென்று ஒரு அதிர்வு தெரியும். தெரிந்தால் கை ஓடுகிறது. தெரியாவிட்டால் உள்ளே ரத்தம் கட்டி அடைத்துவிட்டது, கை நின்றுவிட்டது என்று அர்த்தம். நின்றுவிட்டால் கழுத்தில் குழாய் போட வேண்டும். கழுத்துக் குழாயில் கிருமி ஏறினால் நேராக ரத்தத்துக்குள்தான் போகும்.

அந்த அதிர்வு எனக்கு, ஆப்செட் மெஷினில் தாள் ஓடும்போது பக்கத்துப் பலகையில் கை வைத்தால் வருகிற அதிர்வு மாதிரி இருக்கும். நான் சிவகாசியில் பிரஸ்ஸில் இருக்கிறவன், எனக்கு அப்படித்தான் தோன்றும். எங்களோடு வருகிற, விவசாயம் பார்க்கிற சம்சாரிப் பெரியவர் ஒருவர் அதைக் கிணற்று மோட்டார் என்பார். அக்கா சொல்வது வேறு. "பூன மடியில படுத்து ஒறங்குது தம்பி. ஒறங்குறத எழுப்பாம, இருக்கான்னு மட்டும் பாத்துக்கிடணும்."

அக்கா எந்த வாசலையும் சும்மா தாண்டமாட்டார். வேன் படியில் ஒரு காலை வைப்பார், நிற்பார். இடது கையின் மூன்று விரலை வலது முழங்கைக்குச் சற்று மேலே வைப்பார். கண்ணை மூடுவது, முணுமுணுப்பது ஒன்றும் கிடையாது. பஸ் ஏறுகிறவர்கள் பர்ஸ் இருக்கிறதா என்று பாக்கெட்டைத் தடவுவார்களே, அதே மாதிரி. இருக்கிறது என்று தெரிந்ததும் ஏறுவார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தடவை, டயாலிசிஸ் அறை வாசலில் ஒரு தடவை. வீட்டில் அடுப்படிக்குப் போகவும் வரவும் அப்படித்தான் என்று அவர் மகள் சொல்லியிருக்கிறாள்.

டிரைவர் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டான். "ஏறுறதுக்கு நல்ல நேரம் பாக்கீகளாக்கா?"

"ஏலே, நீ டயரத் தட்டிப் பாக்காம வண்டி எடுப்பியா?"

"நான் காலையில ஒரு தடவதான் தட்டுவேன்."

"ஒனக்குப் பின்னால ஸ்டெப்னி கெடக்குலே. எனக்குக் கெடக்கா?"

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான்தான் விசாரித்தேன். எனக்கு மனுஷர்களின் பேச்சைக் கிண்டிக் கேட்பதில் ஒரு ஆசை. அக்கா சொன்னார்: "கம்பெனில ரூம் வாசல்ல செம்புத் தகடு அடிச்சிருப்பாக தம்பி. உள்ள போறதுக்கு முந்தி அதுல கைய வச்சுட்டுத்தான் போகணும். ஒடம்புல ஏறியிருக்கிற கரண்டு அதுல எறங்கிரும். இல்லேன்னா வெடிமருந்தத் தொட்டதும் பொறி கெளம்பிரும். எத்தன வருசம், ஒரு நாளைக்கு எத்தன வாட்டி! இப்பத் தகடு இல்ல. வாசலக் கண்டா விரலு சும்மா இருக்க மாட்டேங்குது. அத இங்கன கொண்டாந்து வச்சுக்கிட்டேன்."

"தகடத் தொட மறந்தவங்க உண்டாக்கா?"

"உண்டு" என்றார்.

நான் புதிதாகச் சேர்ந்தபோது கழுத்தில் குழாயோடு இருந்தேன். கையில் ஆபரேஷன் முடிந்து ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல். என் பேரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை.

"எந்தக் கை?"

"இடது."

"எம்புட்டு நாளாச்சு?"

"மூணு வாரம் ஆகப் போகுது."

"கொடம் தூக்குறீகளா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் எங்கக்கா கொடம் தூக்கப் போறேன்?"

"சிரிக்காதீக. அதத் தூக்கித்தான் எனக்கு ஒரு கை போச்சு."

அவருடைய முதல் கை இடது கை. ஆபரேஷன் செய்த டாக்டர், வெயிட் தூக்கக் கூடாது என்று தெளிவாகத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார். அக்காவும் அதை மீறவில்லை. "அரிசி மூடையத் தூக்கல. வெறகத் தூக்கல. கம்பெனில பெட்டியத் தொடல. தண்ணிக் கொடம் வெயிட்டுன்னு எனக்குத் தோணவே இல்ல தம்பி. அது தண்ணிதான? நடக்கப் பழகுன நாள்லயிருந்து இடுப்புல இருக்கு." தெருக்குழாயிலிருந்து காலையில் நாலு நடை. குடம் இடது இடுப்பில், இடது கை மடங்கிக் குடத்தின் கழுத்தைச் சுற்றி. மொத்தப் பாரமும் அந்த முழங்கை மடிப்பில்தான் உட்காரும். ஒரு நாள் காலையில் கை நின்றுபோயிருந்தது.

டாக்டரிடம் போய், நான் வெயிட்டே தூக்கவில்லை என்று சத்தியம் செய்திருக்கிறார். சரி, வீட்டில் என்னென்ன வேலை செய்வாய் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். கூட்டுவேன், சமைப்பேன், தண்ணி எடுப்பேன் என்று இவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வர, தண்ணி என்றதும் டாக்டர் எழுதுகிற பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். "அவுக என்னைய வையல. வஞ்சிருந்தாலாச்சும் பரவாயில்ல."

பிறகு கழுத்துக் குழாய். அதில் கிருமி ஏறி, மெஷினில் போட்ட கொஞ்ச நேரத்திலேயே கட்டிலோடு சேர்த்து உடம்பு தூக்கித் தூக்கிப் போடுமாம். மூன்று போர்வை போட்டும் நடுக்கம் அடங்காதாம். பிழைத்ததே பெரிது. மதுரையில் வேறொரு டாக்டர் இரண்டு கையையும் ஸ்கேன் பண்ணிப் பார்த்து, வலது கை மேல்பகுதியில் ஒரு பிஸ்டுலா வைத்தார். வைத்துவிட்டுச் சொன்னார்: "இனிமே ஒங்களுக்குக் கையில வைக்கிறதுக்கு நல்ல நரம்பு கெடையாதும்மா. இத வச்சுக் காப்பாத்திக்கங்க."

அதைத்தான் அக்கா காப்பாற்றிக்கொண்டு திரிந்தார். அவருடைய ரவிக்கை எல்லாவற்றுக்கும் வலது கை குட்டையாகவும் தொளதொளவென்றும் இருக்கும். ஓரத்தில் சிவப்புத் துணி வைத்துத் தைத்திருக்கும். மகள் தையல்காரி, அவள் வேலை. யாராவது கேலி செய்தால், "நான் மயங்கிக் கெடந்தா பிரஷர் பாக்க வாற பிள்ளைக்கு எந்தக் கையின்னு தெரியணும்ல? நான் எந்திரிச்சா சொல்ல முடியும்?" என்பார். அந்தக் கையில் வளையல் கிடையாது. கோயில் கயிறுகூடக் கிடையாது. ஊர்ப் பொங்கலுக்குக் காப்புக் கட்ட வந்த பூசாரியிடம் இடது கையை நீட்டியிருக்கிறார். பொம்பளைக்கு இடது கைதான், நீட்டியது சரிதான் என்று பூசாரியும் கட்டிவிட்டுப் போய்விட்டாராம். "ஆத்தா நம்ம பக்கம்" என்று இரண்டு நாள் அதைச் சொல்லிச் சிரித்தார்.

ஊசி போடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும். எங்களில் பாதிப் பேர் தண்ணீரைக் காட்டிவிட்டு வந்துவிடுவோம். அக்கா குழாயடியில் நிற்கிற நேரத்தைப் பார்த்தால் கோயிலுக்குப் போகிற ஆள் மாதிரி இருக்கும். ஊசி போடுகிற இடத்தைப் பற்றியும் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அந்த இடம் மரத்துப்போகும், வலிக்காது. வலிக்காததால் நமக்கும் சுகம், குத்துகிறவர்களுக்கும் சுலபம். ஆனால் அங்கே தோல் மெலிந்து, நரம்பு பலூன் மாதிரி புடைத்துவிடும். புதிதாக வந்த டெக்னீசியன் பெண் அப்படி மூன்றாவது தடவையாக அதே இடத்துக்கு ஊசியைக் கொண்டுவந்தபோது அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, வீடு பூரா எடங் கெடக்க, வாசப்படியிலயே உக்காந்தா எப்பிடி?"

"அங்கதான் ஈசியா கிடைக்குதுக்கா."

"ஒனக்கு ஈசி. அது கிழிஞ்சா எனக்கு யாரு தைப்பா?"

அடுத்த தடவை வரும்போது பால்பாயின்ட் பேனாவால் கையில் வரிசையாகப் புள்ளி வைத்துக்கொண்டு வந்தார். போன தடவை குத்திய இடத்துக்கு மேல் ஒரு விரற்கடை விட்டு அடுத்தது. அந்தப் பெண்ணுக்கு முதலில் முகம் சுருங்கியது. பிறகு அவளே மற்ற நோயாளிகளுக்கும் இடம் மாற்றி மாற்றிக் குத்த ஆரம்பித்தாள்.

நான் சொன்ன பெரியவர் அக்காவின் ஊர்தான். எழுபது வயது. கிணறும் நிலமும் உள்ள வீடு. அக்காவின் அம்மா அவர் காட்டில் களை எடுத்தவர். வேனில் முதல் ஒரு மாதம் அவர் முன் சீட்டில், அக்கா கடைசி சீட்டில். யாரும் சொல்லி உட்காரவில்லை, தானாக அப்படி அமைந்தது. அக்கா எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடம் மட்டும் கேட்டதில்லை.

ஒரு நாள் திரும்பி வரும்போது பெரியவர் தன் துண்டைக் கிழித்து, ஊசி எடுத்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டியிருந்தார். ரத்தம் கசிகிறதாம். அக்கா பின்னாலிருந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஓடுகிற வேனில் சீட்டைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தார்.

"ஐயா, கைய நீட்டுங்க."

பெரியவர் அசையவில்லை. டிரைவர் வேகத்தைக் குறைத்தான். என்ன நடக்குமோ என்று எனக்கும் இருந்தது.

"ஐயா, பாம்பு கடிச்சவனுக்குக் கட்டுற மாதிரி கட்டியிருக்கீக. வீட்டுக்குப் போறதுக்குள்ள கை நின்னுபோகும். நீட்டுங்க."

அவர் நீட்டினார். அக்கா கட்டை அவிழ்த்து, பஞ்சின் மேல் இரண்டு விரலை வைத்து, அழுத்தியும் அழுத்தாமலும் பிடித்துக்கொண்டு, சிவகாசி வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். "டப்பா மூடியில கைய வச்சு அமுக்குறது இல்லைய்யா இது. ரத்தம் வெளிய வராம, உள்ள ஓட்டமும் நிக்காம. பாத்தீகளா, அம்புட்டுத்தான்." பெரியவர் சனிக்கிழமை ஏறியதும், "ஏ தாயி, அங்கன பின்னால தூக்கித் தூக்கிப் போடும். இங்கிட்டு வந்து உக்காரு" என்று தன் பக்கத்து சீட்டைக் காட்டினார்.

என் கையைக் காப்பாற்றியதும் அக்காதான். காலண்டர் சீசன், பிரஸ்ஸில் மூச்சுவிட நேரமில்லை. ஊசி எடுத்த பிறகு எனக்கு ரத்தம் நிற்க நேரமாகிக்கொண்டிருந்தது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அக்கா பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் பஞ்சை எண்ணியிருக்கிறார்.

"தம்பி, போன மாசம் உங்களுக்கு ஒரு பஞ்சு. போன வாரம் ரெண்டு. இன்னைக்கு மூணு. உள்ள எங்கியோ சுருங்குது. டாக்டர்ட்ட சொல்லுங்க."

"சீசன் முடியட்டுங்கா."

"காலண்டரு அடிச்சு முடிச்சுருவீக. அதுல தேதி கிழிக்க ஆளு வேணும்ல?"

அப்போதும் நான் போகவில்லை. அக்கா என் மனைவிக்குப் போன் போட்டுவிட்டார். அதன் பிறகு வீட்டில் இருக்க முடியுமா? ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பில் ஒரு இடம் பென்சில் முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. பலூன் விட்டு விரித்தார்கள். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் நின்றிருக்கும் என்றார் டாக்டர். இன்றைக்கும் எனக்கு அதே கைதான்.

நல்லதை மட்டும் சொன்னால் அது அக்கா ஆகாது. எங்கள் ஷிப்டில் அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் இருந்தார். சாதுவான ஆள். ஒரு நாள் கழுத்தில் குழாயோடு வந்தார். கை நின்றுவிட்டது, மதுரைக்குப் போயும் சரியாகவில்லை. எல்லோரும் தேறுதல் சொன்னோம். அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கேட்டார்: "எத்தன நாளு தொட்டுப் பாக்காம விட்டீக?"

"தெனமும் பாத்தேம்மா."

"பாத்திருந்தா நிக்காது."

"நெசமாத்தாம்மா. ராத்திரி படுக்கும்போது இருந்துச்சு. காலையில இல்ல."

"பாத்திருந்தா நிக்காதுண்ணே. கையி அது பாட்டுக்கு நிக்காது. நாம விட்டாத்தான் நிக்கும்."

டெக்னீசியன் பெண், "அப்படி இல்லக்கா, நல்லாப் பாத்துக்கிட்டாலும் சில பேருக்கு அடைக்கும்" என்றாள். அக்கா கேட்கவில்லை. கொத்தனார் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். வேனில் திரும்பும்போது நான், "அம்புட்டுக் கடுமையாச் சொல்லியிருக்க வேண்டாம்" என்றேன். "அவருக்குச் சொல்லல தம்பி. மத்தவுகளுக்குக் கேக்கட்டும்னு சொன்னேன்" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

இது நடந்து நாலைந்து மாதம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை. வேன் அக்காவின் தெருமுனையில் நின்றது. அக்கா வந்தார், படியில் கால் வைத்தார், நேராக ஏறி உட்கார்ந்துவிட்டார். வலது கை மேல் துண்டைப் போட்டிருந்தார்.

"கை ஓடுதாக்கா?"

"ஓடுது."

திருப்பி என்னைக் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வேன் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனோம். பிறகு கேட்டுவிட்டேன்.

"படியில நிக்கலையேக்கா."

"நேரமாச்சுல்ல."

டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். "இன்னைக்கு அஞ்சு நிமிசம் முந்தியில்ல வந்திருக்கோம்" என்றான். அடுத்த நிறுத்தத்தில் பெரியவர் ஏறினார். எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னடே?"

"அக்கா கையத் தொட்டுப் பாக்காம ஏறிட்டாக" என்றான் டிரைவர்.

பெரியவர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க, காட்டு தாயி."

"சும்மா இருங்கய்யா."

"எங் கையப் பிடிச்சுப் பாக்க ஒனக்கு உரிமை இருக்குல்ல? காட்டு."

அக்கா அந்தக் கையைத் தொட யாரையும் விட்டதில்லை. ஊசி போடுகிறவர்கள் தவிர. பெரியவர் துண்டை எடுத்துவிட்டு உள்ளங்கையை வைத்தார். கொஞ்சம் மேலே வைத்தார். கொஞ்சம் கீழே வைத்தார். "வண்டிய நிப்பாட்டு" என்றார் டிரைவரிடம். வேன் நின்று, எஞ்சின் நின்றதும் மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினார்.

"எப்பருந்து?" என்றேன்.

"நேத்துக் காலையில இருந்து."

செவ்வாய்க்கிழமை மெஷினில் படுத்திருக்கும்போதே அவருக்குப் பிரஷர் விழுந்து, மயக்கம் வந்து, ஊசி போட்டுத் தெளியவைத்தார்கள். அது எங்களுக்குத் தெரியும். முந்தின நாள் ஒரு காதுகுத்து விருந்தில் சாப்பிட்டு வயிற்றாலே போனதை அவர் ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. உடம்பில் தண்ணீர் ஏற்கெனவே வற்றியிருந்தது. மெஷின் இன்னும் எடுத்துவிட்டது. புதன்கிழமை காலையில் அடுப்படி வாசலில் விரலை வைத்திருக்கிறார். பூனை இல்லை.

"நேத்தே எங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லக்கா? பகல் பூரா என்ன செஞ்சீக?"

அக்கா குனிந்துகொண்டே சொன்னார். "வெயில்ல வச்சேன்."

எங்களுக்குப் புரியவில்லை.

"மொட்டமாடியில வெயில்ல நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். திரி நமுத்துப்போனா வெயில்ல காயப்போட்டு எடுப்போம்ல. ஒரு பகலு காஞ்சா வந்துரும். அது மாதிரி வந்துரும்னு... சாயங்காலம் வரைக்கும் வச்சுப் பாத்தேன்."

"மகளுக்குத் தெரியுமா?"

"சொல்லல."

"எங்ககிட்டயாச்சும்..."

"எப்பிடிச் சொல்லுவேன் தம்பி? அந்தக் கொத்தனாரு அண்ணன் அங்கன படுத்திருப்பாருல்ல. அவரு மொகத்துக்கு நேரா எப்பிடிச் சொல்லுவேன்?"

பெரியவர், "ஏலே, எடு வண்டிய" என்றார்.

நான் டெக்னீசியன் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இங்கே கொண்டுவராதீர்கள், நேரே மதுரைக்குப் போங்கள், நான் அங்கே டாக்டருக்குச் சொல்கிறேன், ரத்தக் கட்டி இறுக இறுக எடுப்பது கஷ்டம் என்றாள். அக்காவோடு போக ஒரு ஆள் வேண்டும். நான் போகிறேன் என்றேன். "சாயங்காலம் உங்களுக்கு ஒரு மெஷின் ஒதுக்கி வைக்கிறேன். அதுவரைக்கும் தண்ணியக் கண்ணால மட்டும் பாருங்க" என்றாள். மதுரைக்கும் விருதுநகர் வழிதான். பெரியவரையும் திருத்தங்கலில் ஏறிய இரண்டு பேரையும் பைபாஸில் இறக்கிவிட்டோம்; ஆட்டோ பிடித்துப் போய்க்கொள்வதாகச் சொன்னார்கள். பெரியவர் இறங்கி, ஜன்னல் பக்கம் வந்து நின்று, வேனை இரண்டு தட்டுத் தட்டினார்.

நாலுவழிச் சாலையில் ஏறிய பிறகு அக்கா கேட்டார்: "தம்பி, உங்க கை ஓடுதா?"

நான் கையை நீட்டினேன். மூன்று விரலை வைத்தார். வைத்த விரலைத் திருமங்கலம் தாண்டுகிற வரைக்கும் எடுக்கவில்லை.

டாக்டர் பார்த்தார். "எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டார். அக்கா என்ன சொல்லப் போகிறார் என்று நான் அவர் வாயைப் பார்த்தேன். இன்று காலை என்று சொல்லியிருக்கலாம்.

"நேத்துக் காலையில. அஞ்சரை மணி இருக்கும். வெயில்ல வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன் சார்."

டாக்டர் கையை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். "நேத்தே வந்திருந்தா நம்பிக்கையாச் சொல்லியிருப்பேன். முயற்சி பண்றோம்" என்றார். உள்ளே வயர் விட்டு, கட்டியைக் கரைத்து எடுத்து, சுருங்கிய இடத்தில் பலூன் விட்டு விரிக்க வேண்டும். சுருக்கம் முன்னமே இருந்திருக்கிறது. பிரஷர் விழுந்ததும் அடைத்துக்கொண்டது. அக்காவின் பஞ்சை யாரும் எண்ணவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நான்தான் எண்ணியிருக்க வேண்டும்.

மகள் பஸ் பிடித்து வந்து சேர்ந்ததும் நான் விருதுநகருக்குக் கிளம்பினேன். உள்ளே கொண்டுபோனவரை இன்னும் வெளியே கொண்டுவரவில்லை. சாயங்காலம் எனக்கு, ரத்தம் மெஷினிலிருந்து திரும்பி வருகிற இரண்டாவது ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தபோது டெக்னீசியன் பெண்ணுக்குப் போன் வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, ஊசியை ஒட்டி முடித்துவிட்டுச் சொன்னாள்: "ஓடுதாம்."

அதன் பிறகு அந்தக் கை இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. கடைசியில் ஒரு நாள் நெஞ்சுதான் நின்றது, கை நிற்கவில்லை.

மதுரையிலிருந்து திரும்பிய பிறகு, அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா வேன் படியில் நின்றார், தொட்டுப் பார்த்தார், ஏறினார். உட்காராமல் கையை என்னிடம் நீட்டினார். "பாருங்க." நான் பார்த்தேன். டிரைவரிடம் நீட்டினார், அடுத்த நிறுத்தத்தில் பெரியவரிடம் நீட்டினார்.

"நீதான் பாத்துட்டியே தாயி."

"நான் பாத்தேன். நீங்களும் பாருங்க. வியாழக்கிழமையும் பாருங்க. நான் ஓடுதுன்னு சொன்னாலும் விடாதீக."

ஆஸ்பத்திரியில் கையைக் கழுவிக்கொண்டு தன் கட்டிலுக்குப் போகாமல் கொத்தனார் கட்டிலுக்குப் போனார். அவர் கழுத்துக் குழாயில் அப்போதுதான் மெஷினை மாட்டியிருந்தார்கள். அக்கா கொஞ்ச நேரம் நின்றார். எனக்கு அடுத்த கட்டில்தான் அது, எல்லாம் கேட்டது.

"அண்ணே, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. பாத்தாலும் நிக்குது."

கொத்தனார் அவரையே பார்த்தார். தெரியும், கேள்விப்பட்டேன் என்கிற மாதிரி தலையை ஆட்டினார். கொஞ்சம் கழித்து, "இப்ப ஓடுதாம்மா?" என்றார்.

அக்கா சிவப்பு ஓரத்தை மேலே ஏற்றிவிட்டுக் கையை அவர் பக்கம் நீட்டினார். அவர் தயங்கித்தான் விரலை வைத்தார். வைத்ததும் முகம் மாறியது. கண்ணை மூடிக்கொண்டார்.

"எங் கையும் இப்பிடித்தாம்மா ஓடுச்சு" என்றார்.

டெக்னீசியன் பெண் ஊசித் தட்டோடு வந்து அக்கா கட்டிலருகே நின்றாள். கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடவில்லை. அக்கா கையை எடுக்காமல், குனிந்த வாக்கிலேயே நின்றுகொண்டிருந்தார்.